கவுதாரியும் ஆரஞ்சு நூலும்

ஒரு சின்னத் தூண்டில் முள். அதன் தண்டில் நெருக்கிச் சுற்றிய ஆரஞ்சு நிறப் பட்டுநூல். வளையத்தை ஒட்டிக் கவுதாரி இறகு ஒன்று, இரண்டே சுற்று. சாமான் அவ்வளவுதான். புழு கிடையாது, மாவுருண்டை கிடையாது. வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கத்து ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தச் செயற்கை ஈயைக் கட்டி வருகிறார்கள். பெயர்கூடச் சாமான் பட்டியல்தான்: பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச். தண்ணீருக்கு மேலே மிதக்காமல் உள்ளே அமிழ்ந்து போவதால் 'வெட் ஃப்ளை' வகை. சுற்றுகிற தூவி மெத்தென்று இருப்பதால் 'சாஃப்ட் ஹாக்கிள்'. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், இதற்குப் போயா ஒரு மீன் ஏமாறும் என்றுதான் தோன்றும்.

இதை முதலில் கட்டியது யார் என்று தேடிப் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஏறக்குறைய 1,800 வருஷக் கதை இது. வழியெல்லாம் பெயர்கள் கிடைக்கின்றன. ஆனால் கிடைக்கிற பெயர்களில் பெரும்பாலானவை எழுதினவர்களின் பெயர்கள். கட்டினவனைப் பிடிக்க முடிவதில்லை.

முதல் பெயர் கிளாடியஸ் ஏலியன். கி.பி. 200 வாக்கில் ரோமில் இருந்தவர். விலங்குகளின் குணங்களைப் பற்றிக் கிரேக்க மொழியில் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதன் 15-ஆம் பகுதியில் மாசிடோனியாக்காரர்கள் மீன் பிடிக்கும் விதம் வருகிறது. பெரோயா, தெசலோனிகா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அஸ்ட்ரேயஸ் என்றொரு ஆறு. அதில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன்கள். தண்ணீரை ஒட்டிப் பறக்கும் ஒரு பூச்சியை அந்த மீன்கள் விரும்பித் தின்னும். அந்தப் பூச்சியையே பிடித்து முள்ளில் குத்தலாமே என்றால் முடியாது. கை பட்டால் நிறம் போய்விடும், இறக்கை வாடிவிடும். ஆகவே ஊர்க்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிறத் தூவி இரண்டை வைத்துக் கட்டினார்கள். கோல் ஆறடி, கயிறும் ஆறடி.

சேவலில் எந்த இடத்துத் தூவி என்பதுவரை சொல்லியிருக்கிறது பாருங்கள். இது மேசைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்த விவரம் இல்லை. பிடரியில் இருக்கும் நீண்ட தோகையை விட்டுவிட்டு, தாடிக்கு அடியில் கைவிட்டுத் தேடினவன் யாரோ ஒருவன் இருந்திருக்கிறான். ஏலியன் அவனைப் பார்த்திருக்க வழியில்லை. அவர் இத்தாலியை விட்டு வெளியே போனதே கிடையாது என்று அதே காலத்து ஃபிலோஸ்ட்ராட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஏலியனும் ஒளிக்கவில்லை, கேள்விப்பட்டேன் என்றுதான் ஆரம்பிக்கிறார்.

அடுத்த பெயர் ஒரு பெண்ணுடையது. 1496-இல் விங்கின் டி வொர்ட் என்ற அச்சுக்காரர் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் மீன்பிடி நூல் அதுதான். எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற மடத்துத் தலைவி என்று பின்னால் வந்தவர்கள் ஒட்டிவிட்டார்கள். அவர்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. எழுதின கை யாருடையதாக இருந்தாலும் அது வேலை தெரிந்த கை. தையல் ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, தண்ணீரில் தோய்த்துத் தூண்டில் முள் செய்வது எப்படி, குதிரை வால் மயிரைத் திரித்து எந்த மாதத் தண்ணீருக்கு எந்தச் சாயம் ஏற்றுவது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் 12 ஈக்கள், மாத வாரியாக. பட்டியலின் முதல் ஈயிலேயே, மார்ச் மாதத்துக்கானதிலேயே, பழுப்புக் கம்பளி உடம்போடு கவுதாரி இறகு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சீமைக் கவுதாரிதான் அது. நம்முடையதுக்குத் தூரத்து உறவு. எங்கள் காரியாபட்டிப் பக்கம் கவுதாரிக்குப் பஞ்சமில்லை. அருப்புக்கோட்டைக்கோ திருச்சுழிக்கோ விடியற்காலையில் வண்டியை எடுத்தால், சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒன்று கூப்பிட, கரிசலுக்கு அந்தக் கோடியிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். ரோட்டைப் பறந்து கடக்காது; குடுகுடுவென்று ஓடியே கடக்கும். அதற்கும் எழுத்தில் ஒரு பெயர் ஏறிய கதை இருக்கிறது. பாண்டிச்சேரியில் இருந்த பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் வெளிவந்த தன் பயண நூலில் இதை வர்ணித்தார். அதைப் படித்து 1789-இல் கெமெலின் என்ற ஜெர்மானியர் லத்தீன் பெயர் சூட்டினார். அன்றிலிருந்து கரிசல் காட்டுக் கவுதாரிக்கு உலகப் பெயர் 'பாண்டிசேரியானஸ்'. காடை கவுதாரி என்று சேர்த்தே சொல்லி, கண்ணி வைத்துப் பிடித்துக் குழம்பு வைத்த காலம் போய்விட்டது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அதைப் பிடிப்பது குற்றம்.

ஆக இறகுக்காரப் பறவை இங்கே உண்டு. நூலுக்கும் குறைவில்லை. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. பட்டு வேண்டுமென்றால் மதுரைக்குப் போகலாம். இல்லாதது மீன்தான். ட்ரவுட்டுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குளிர்ந்திருக்க வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும், 25-ஐ நெருங்கினால் பிழைப்பது கஷ்டம். சித்திரையில் எங்கள் கண்மாய்த் தண்ணீர் என்ன சூடு இருக்கும் என்று கேட்காதீர்கள். சித்திரையில் தண்ணீர் கிடந்தால் அல்லவா அந்தப் பேச்சு.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1676-இல் சார்லஸ் காட்டன் என்ற ஸ்டாஃபோர்ட்ஷயர்க்காரர், ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். லண்டன்காரர்கள் கட்டும் ஈயைக் கண்டால் அவருக்கு இளக்காரம். தடித்த உடம்பும் நிறைய மயிருமாக ஒருவர் கட்டிக் கொடுத்ததை மீன்பிடிக்க எடுக்காமல், பார்த்துச் சிரிப்பதற்காக வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டதாகச் சொல்கிறார். வடக்கத்தி ஈ மெலிந்திருக்க வேண்டும். எவ்வளவு குறைவாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. மென்தூவி ஈயின் குணம் அந்தக் கிண்டலிலேயே முழுசாக இருக்கிறது.

ஏன் குறைவாக? இதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒருநாள் பூச்சி, கேடிஸ் முதலான ஆற்றுப் பூச்சிகள் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில் கல்லிடுக்கில் புழுவாகக் கழிக்கின்றன. வளர்ந்ததும் தரையிலிருந்து கிளம்பி மேலே வருகின்றன. மேல்மட்டத்துக்கு வந்து, தோலைக் கிழித்து, இறக்கையை விரித்துப் பறக்கும்வரை நடுவில் ஒரு கொஞ்ச நேரம் இருக்கிறது. அப்போது அது புழுவும் இல்லை, ஈயும் இல்லை. கால்கள் அடித்துக்கொண்டிருக்கும், இறக்கை பாதி வெளியே நைந்து கிடக்கும், தோலுக்கடியில் சிக்கிய காற்று மினுங்கும். நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும். தப்பிக்கத் தெரியாத அந்த நேரத்தைத்தான் ட்ரவுட் எதிர்பார்த்து நிற்கிறது. ஆகவே பூச்சியின் உருவத்தை அச்சு அசலாகச் செதுக்கிப் பயனில்லை. அதன் தவிப்பைக் காட்ட வேண்டும். அதற்குத் தூவி மெத்தென்று இருக்க வேண்டும், கொஞ்சமாகவும் இருக்க வேண்டும். நிறையச் சுற்றினால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும்.

எங்கள் சித்தப்பா ஒருவர் கட்டுச்சேவல் வளர்த்தவர். வல்லூறு, காகம், மயில், கீரி என்று நிறம் பார்த்து, நாள் பார்த்து, எந்தப் பொழுதில் எதை விடலாம் என்று கணக்குச் சொல்லுவார். சேவல்கட்டு போய்விட்டது, சேவல் மட்டும் நிற்கிறது. அவர் வீட்டுக் கொல்லையில் நான் பொட்டைக்கோழியை மடியில் வைத்துக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏப்பா, எம்புட்டுப் பெரிய சேவல் நிக்கிது. அத விட்டுப்பிட்டுப் பொட்டக்கோழிட்ட என்னத்தத் தேடிக்கிட்டு இருக்க?"

"சேவல் தூவி விறைப்பா இருக்கு சித்தப்பா. தண்ணிக்குள்ள அசையணும்."

"விறைப்பா இருந்தாத்தான் சேவலு."

ஆனாலும் ஒரு செம்புத் தண்ணீரும் அவரே கொண்டுவந்தார். இரண்டு தூவியையும் தனித்தனி முள்ளில் சுற்றி, நூலில் தொங்கவிட்டு உள்ளே இறக்கினேன். சேவல் தூவி வெளியே எப்படி நின்றதோ அப்படியே உள்ளேயும் நின்றது. கோழித் தூவி தண்ணீர் பட்டதும் ஒட்டிக்கொண்டது. செத்துப்போன பூச்சி என்று சொல்லலாம், அவ்வளவுதான். நூலை லேசாகச் சுண்டி நிறுத்தினால் இழையெல்லாம் விரிந்தது. மறுபடி சுண்டினால் ஒடுங்கியது. சித்தப்பா நூலைக் கையில் வாங்கிக்கொண்டு தானும் சுண்டிப் பார்த்தார். வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

கட்டுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முள்ளைச் சின்னப் பிடிப்பானில் பொருத்த வேண்டும். நூலில் தேன்மெழுகு தடவ வேண்டும். வழுக்காது, நனைந்தால் நிறமும் நன்றாக அடங்கும். ஆரஞ்சுப் பட்டு தண்ணீரில் ஆரஞ்சாக இருப்பதில்லை, பழுத்த இலை நிறத்துக்கு இறங்கிவிடும். வளையத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து முள்முனைக்கு நேர் மேலே வரை சுற்றித் திரும்ப வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. இறகின் அடியில் இருக்கும் பஞ்சை உரித்து எறிந்துவிட்டு, நுனியை மட்டும் விட்டு மீதி இழைகளைப் பின்னோக்கி நீவிக்கொள்ள வேண்டும். நுனியை வைத்துக் கட்டி, தண்டைப் பிடித்து ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு. கை மூன்றாவது சுற்றுக்குத் தானாகப் போகும். போக விடக் கூடாது. பிறகு நூலைத் தன் மேலேயே மடித்துச் சுற்றி இழுத்து முடிச்சு. இறகின் இழை முள்ளின் வளைவு வரை எட்டினால் அளவு சரி.

1857-இல் ஸ்காட்லாந்தில் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் என்ற இளைஞர் 'தி பிராக்டிகல் ஆங்லர்' என்று ஒரு நூல் எழுதினார். தெளிந்த ஆற்றில் மீனுக்குப் பின்னால் நின்று, நீரோட்டத்துக்கு எதிராகத் தூண்டிலை வீச வேண்டும் என்று அடித்துச் சொன்ன நூல் அது. அதில் மூன்று ஈக்களுக்கு அவர் 'ஸ்பைடர்' என்று பெயர் வைத்தார்: கறுப்பு, சிவப்பு, சாம்பல். மைனா குலத்து ஸ்டார்லிங் பறவையின் கருந்தூவியும் பழுப்பு நூலும் சேர்ந்தால் கறுப்பு ஸ்பைடர். இன்றைக்கும் உலகம் முழுக்க 'ஸ்டூவர்ட்டின் ஸ்பைடர்' என்றுதான் அவற்றைக் கட்டுகிறார்கள், விற்கிறார்கள்.

ஸ்டூவர்ட் நேர்மையானவர். இந்த யோசனை ஜேம்ஸ் பெய்லி என்பவரிடமிருந்து வந்தது என்று நூலிலேயே சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்தில் அவரை மிஞ்சி ஈ வீசினவர் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். பெய்லி பொழுதுபோக்குக்குப் போனவர் அல்லர். மீன் பிடித்து விற்றுச் சாப்பிட்டவர். அன்றைக்கு மீன் விழாவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. அப்படிப்பட்டவர் கையில் வீண் அலங்காரம் எப்படி நிற்கும்? இறக்கை வைத்துக் கட்டின ஈயை விட, தூவி மட்டும் சுற்றினது சீக்கிரம் கட்டலாம், சீக்கிரம் மீனும் விழும். அவர் நூல் எழுதவில்லை. இந்த வரிசையில் கட்டினவன் என்று நிச்சயமாகக் கைகாட்டக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரையும் ஸ்டூவர்ட் ஒரு வரி எழுதியிராவிட்டால் தெரிந்திருக்காது.

யார்க்‌ஷயரிலும் இதே கதைதான். அங்கே விவசாயிகளும் வேலைக்காரர்களும் ஆற்றுக்கு ஆறு தங்கள் ஈப் பட்டியலை நோட்டில் எழுதி வைத்துக் கைமாற்றி வந்தார்கள். 1885-இல் டி. இ. பிரிட் அவற்றைத் திரட்டி 'யார்க்‌ஷயர் ட்ரவுட் ஃப்ளைஸ்' என்று வண்ணப் படங்களோடு வெளியிட்டார். 60-க்கும் மேற்பட்ட ஈக்கள் அதில் உண்டு. பெரும்பாலும் தூவி மட்டும் சுற்றியவை. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் அச்சில் நிலைபெற்றது அப்படித்தான். மறு வருஷமே, 1886-இல், தெற்கில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் மிதக்கும் ஈக்களைப் பற்றிய நூலைக் கொண்டுவந்தார். தெற்கத்தி ஆறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறுபவை. கண்ணாடித் தண்ணீர், மெதுவான ஓட்டம், பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள். கண்ணால் மீனைப் பார்த்து, அதன் தலைக்கு மேலே மிதக்கும் ஈயைப் போடுவதுதான் கௌரவம், அமிழ்கிற ஈ அரைகுறை வேலை என்று ஒரு வழக்கம் பரவியது. அதற்கு வேண்டியது விறைத்த சேவல் தூவி. 1910-இல் ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர் அமிழ்ந்த ஈயும் தெற்கில் செல்லும் என்று எழுதியதற்குப் பல வருஷம் பேச்சு வாங்கினார்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் லைசன்ரிங் என்ற பென்சில்வேனியாக் கருவிப் பட்டறைக்காரர் 1941-இல் வெட் ஃப்ளை கட்டும் கலையைப் பற்றிச் சின்ன நூல் எழுதினார். வெளிவந்த வருஷமே நாடு போரில் இறங்கிவிட்டது, நூலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. 1975-இல் சில்வெஸ்டர் நீம்ஸ் 'தி சாஃப்ட்-ஹாக்கிள்டு ஃப்ளை' என்ற நூலை எழுதிய பிறகுதான் அந்த வகைக்கே இன்றைய பெயர் ஊன்றியது. பலரும் பிறப்புச் சான்றிதழை நீம்ஸிடமிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் அப்படிக் கேட்கவில்லை. பழைய வடக்கத்தி ஈக்களைத் திரும்ப எடுத்துக் கட்டினதாகத்தான் சொன்னார். ஜப்பானிய மலைகளில் மீன் பிடித்து விற்றவர்கள் தாமாகவே இதே மாதிரி ஒன்றைக் கட்டிவந்தார்கள் என்பதை மேற்கத்தி உலகம் தெரிந்துகொள்ள இன்னும் நாள் ஆயிற்று. 'கெபாரி' என்பது அதன் பெயர். ஒருவகையில் தூவியை முன்னோக்கி மடக்கிவிடுவார்கள். இழுக்கும்போது குடை விரிந்து மூடும்.

எழுத்துக்காரர்கள் வரிசை இப்படி இருக்க, இறகு எங்கிருந்து போனது என்று பார்த்தால் நம் வாசலுக்கே வந்துவிடலாம். 1980கள் வரை மேல்நாட்டு ஈக் கட்டுநர்களின் பெட்டியில் 'இந்தியன் நெக்' என்ற சரக்கு கட்டாயம் இருக்கும். சாப்பாட்டுக்கு அறுத்த நாட்டுக்கோழி, சேவலின் கழுத்துத் தோல், இறகோடு உப்புப் போட்டுக் காயவைத்து ஏற்றுமதியானது. தூவிக்கென்றே சேவல் வளர்க்கும் அமெரிக்கப் பண்ணைகள் வந்த பிறகு, மிதக்கும் ஈக்கு இந்தியத் தோல் உதவாது, மெத்தென்று இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். மென்தூவிக்காரர்கள் மட்டும் அதே காரணத்துக்காக விடவில்லை. ஸ்பெயினில் லியோன் மாகாணத்துக் குருவேன்யோ பள்ளத்தாக்கில் தூவிக்காகவே வளர்க்கும் சேவல்கள் உண்டு. கொல்லுவதில்லை; பருவம் பார்த்துப் பிடுங்குகிறார்கள். 'இந்தியோ', 'பார்தோ' என்று இரண்டு சாதி, அதற்குள் நிறத்துக்கு நிறம் தனிப் பெயர். 1624-ஆம் வருஷத்து அஸ்தோர்கா கையெழுத்துச் சுவடியிலேயே அந்தத் தூவிகளின் கணக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கை விட்டு வெளியே கொண்டுபோனால் மினுக்கம் போய்விடும் என்பது அவ்வூர் நம்பிக்கை. எங்கள் சித்தப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டால் மொழி தெரியாமலே சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்பார்.

இன்னொரு ஏற்றுமதி அவ்வளவு நல்ல கதை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை அடிவாரத்திலும் நீலகிரியிலும் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குப் பிடரித் தோகையில் அரக்கு வார்த்து விட்டாற்போல வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பொட்டுகள் இருக்கும். விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களுக்கு அது கண்ணாக வைக்கப்பட்டது. 'ஜாக் ஸ்காட்' முதலான பகட்டு ஈக்கள் அது இல்லாமல் நிறைவதில்லை. அதற்காகத் தென்னிந்தியக் காடுகளில் சுடப்பட்டும் கண்ணியில் விழுந்தும் போன சேவல்களுக்கு அளவில்லை. இந்தியச் சட்டம் அந்த வியாபாரத்தை மூடிய பிறகு, இப்போது வெளிநாட்டில் வளர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பறவையின் லத்தீன் பெயரிலும் சொன்னெராதான் இருக்கிறார்.

அந்தக் காட்டுக்கோழி மேய்கிற நீலகிரிக்கே கடைசியில் ட்ரவுட் மீனும் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஊட்டி சீமை மாதிரி இருந்தால் போதவில்லை, ஆற்றில் சீமை மீனும் வேண்டும். 1860களிலேயே ஃபிரான்சிஸ் டே முயன்று பார்த்தார். சென்னை ராணுவ மருத்துவர், பின்னால் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். முட்டைகள் கடல் வெப்பத்தில் அழுகின. மீன் வருவதற்குள் காவல் சட்டம் வந்துவிட்டது: 1877-இல் வேட்டை, மீன் பாதுகாப்புச் சங்கம், 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1907-இல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டிய பிறகுதான் காரியம் கைகூடியது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த ரெயின்போ ட்ரவுட் முட்டைகள் பொரித்தன, பெருகின. அவலாஞ்சி, எமரால்டு, முக்கூர்த்தி ஓடைகளில் அது இன்றும் உண்டு. பிறந்த மண்ணான வட அமெரிக்க மேற்குக் கரையில் தின்ற பூச்சி வேறு, நீலகிரிச் சோலை ஓடையில் தின்கிற பூச்சி வேறு. இருந்தாலும் பாதி விரிந்த இறக்கையோடு தவிக்கிற எதையும் அது விட்டுவைப்பதில்லை. நம் ஓடை மீன்களுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் அது நல்ல செய்தியாக இருந்திருக்காது. துரைகளின் கணக்கில் அந்தப் பத்தி இல்லை. மழையும் அங்கே ஓடைகளைச் சும்மா விடுவதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கத்துக்கு அது ஒரு வருஷத்து மழையைவிட அதிகம்.

கண்மாய்க்காரர்களை எழுத்துக்காரர்கள் அடியோடு மறந்துவிடவும் இல்லை. சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்த ஹெச். எஸ். தாமஸ், இந்திய ஆற்று மீன்களைப் பற்றி 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதியவர், 1887-இல் 'டாங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று கண்மாய், ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே தனி நூல் போட்டார். மலைக்குப் போக முடியாத அதிகாரிக்கு ஊர்க் குளமே போதும் என்பது அவர் கட்சி.

நானும் அந்தக் கட்சிக்கே போனேன். கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, மடை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் விசையாக ஓடிக்கொண்டிருந்தது. மடைவாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஓட்டம் தணிகிற இடத்தில் வெளிச்சியும் சின்னக் கெண்டையும் எதிர்த்து நிற்கும். மேலேயிருந்து வருகிற எதையும் பொறுக்கும். நாட்டுக்கோழிக் கழுத்துத் தூவி, அருப்புக்கோட்டை ஆரஞ்சு நூல், கிடைத்ததிலேயே சின்ன முள். மூங்கில் கோலில் தங்கூசி நரம்பு. குறுக்கே போட்டு, ஓட்டம் அதைக் கீழே இழுத்து ஒரு வளைவு சுற்றி வர விட வேண்டும். வளைவு முடிகிற இடத்தில் தூவி மேல்நோக்கி எழும்போதுதான் இழுப்பு வரும். வந்தது. விரல் நீள வெளிச்சி, வெள்ளித் தகடு, வாயோரத்தில் முள். பிறகு ஒரு கெண்டை. மறுபடி வெளிச்சி. சித்தப்பா கரையில் குத்தவைத்து, எல்லாவற்றையும் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்கூழு வச்சிருந்தா இந்நேரம் கொழம்புக்கு ஆயிருக்கும்ப்பா."